ஒரு சொல் கேட்டோமா?

திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் விழாக்கோலம் பூணும். பெரம்பலூருக்குச் சற்றுத் தெற்கே, திருச்சி - சென்னைப் பெருவழியில் உள்ள ஊர் அது. மதுரகாளியம்மன் கோயில் நடை கிழமையில் அந்த இரு நாட்களில்தான் திறக்கும். மாவிளக்குக்கு மாவு இடிக்கும் ஓசை ஒரு பக்கம், வேன்களும் பேருந்துகளும் எழுப்பும் இரைச்சல் மறுபக்கம். கிழமையில் இரண்டு நாள் வேலை, ஐந்து நாள் ஓய்வு! எட்டு மணி நேர வேலை கேட்டுத் தெருவில் நின்று தடியடி பட்ட தொழிலாளிகூட இவ்வளவு சலுகை கேட்டதில்லை என்று நம் தோழர்கள் மேடையில் பேசிக் கைத்தட்டல் வாங்கியதுண்டு. நாமும் பேசியிருக்கிறோம்.

ஆனால் இன்று எழுத வந்தது அம்மனை ஏச அல்ல, ஏசவேண்டியது நம்மையே.

மதுரையை எரித்த சினம் தணியாமல் வந்த கண்ணகிதான் இவ்வூரில் மதுரகாளியாக அமர்ந்தாள் என்று தலக்கதை சொல்வார்கள். ஊரையும் ஊர்த்தெய்வமான செல்லியம்மனையும் ஆட்டிப் படைத்த மந்திரவாதி ஒருவனை அவள் அழித்தாளாம். செல்லி தன் இடத்தை அவளுக்கு விட்டுவிட்டு மலைக்குப் போனாளாம். கதை கட்டியவர்களே மந்திரவாதியைக் கொடியவனாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பக்தர்கள் மறந்துபோனது வேடிக்கை. அது கிடக்கட்டும். இளங்கோவின் கண்ணகிக்கு வருவோம். தலைவிரிகோலம், கண்களில் நீர், கையில் ஒற்றைச் சிலம்பு, வாயில் ஊரே நடுங்கும் சொல். இப்படி ஒரு பெண் இன்று பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில் நின்றால் என்ன செய்வோம்? 'புத்தி பேதலித்துவிட்டது' என்போம். இருவர் கையைப் பிடிப்போம், ஒருவர் கயிறு தேடுவோம். பாண்டியனின் வாயிற்காவலனும் அஞ்சித்தான் ஓடினான். ஆனால் பாண்டியன் அவளை உள்ளே வரச் சொன்னான். யார் நீ, உனக்கு நேர்ந்தது என்ன என்று கேட்டான். கோவலனைக் கேளாமல் கொன்றதே அவன் செய்த குற்றம். கண்ணகியைக் கேட்டதால்தான் அந்தக் குற்றம் அவனுக்கே விளங்கிற்று.

இந்தக் கேட்டல் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

ஆண்டு 1999. சிறுவாச்சூரில் நமக்கொரு நண்பர். தையல் தொழில். பெயர் வேண்டாம், உயிரோடு, உழைத்து, மானத்தோடு வாழ்கிறவர். நம் கூட்டங்களுக்குக் கொடி தைத்தவர் அவரே. துணிக்குக் காசு வாங்குவார், கூலி வாங்கமாட்டார். மாலையில் கடையைச் சாத்திவிட்டுப் படிப்பகத்துக்கு வந்து, எழுத்தறியாத பெரியவர்களுக்குப் பத்திரிகையை வரிவிடாமல் படித்துக் காட்டுவார். தலையங்கத்தை அவர் படித்தால் எழுதியவரே எழுந்து பேசுவது போலிருக்கும்.

அவ்வாண்டு ஆடியில் அவருக்கு உறக்கம் போயிற்று. இரவெல்லாம் தையற்பொறி ஓடும். விடிந்து பார்த்தால் தைத்ததெல்லாம் பிரித்துக் கிடக்கும். தெருவில் போகும் சிறுவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றார். பிறகு, கிணற்றில் யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று தண்ணீர் குடிக்க மறுத்தார். படிப்பகத்தில் பத்திரிகையைப் பாதி படித்துவிட்டு நிறுத்தி, 'இது என்னைப் பற்றி எழுதியது' என்றார். நாம் சிரித்தோம், வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று எண்ணினோம். அந்தச் சிரிப்பு இன்றும் நம் காதில் ஒலிக்கிறது.

அவருடைய தாயார் முதலில் பக்கத்துச் சிற்றூரிலிருந்து கோடாங்கியை அழைத்துவந்தார். உடுக்கை, திருநீறு, எலுமிச்சம்பழம், வேப்பங்குழை - எல்லாம் வழக்கம் போல. அடியும் வழக்கம் போல. மூன்று இரவு நடந்தது. பேய் போகவில்லை, நண்பரின் முதுகுத்தோல் போயிற்று. அடுத்து, தொலைவிலுள்ள ஒரு புனிதத் தலத்துக்குக் கொண்டுபோய் ஒரு மண்டலம் வைத்திருப்பது என்று முடிவு. அங்கே ஓடிவிடாமல் காலில் சங்கிலி போட்டு வைப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். கொதித்தெழுந்தோம். பகுத்தறிவுப் பாசறையில் வளர்ந்த ஒரு தோழரைச் சாமியாரிடம் விடுவதா என்று அந்த அம்மையார் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம்.

அந்த அம்மையார் களை எடுக்கப் போகிறவர். சின்ன வெங்காயக் காட்டில் கூலி. நம் பேச்சையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, அங்கே ரெண்டு வேளைக் கஞ்சி ஊத்துறாங்களாம். கூட இருக்கிறவங்களுக்கும் படுக்க எடம் இருக்காம். உங்க ஆஸ்பத்திரியிலே எனக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

நம்மிடம் விடை இல்லை. தாய் கஞ்சியைப் பற்றிக் கேட்டார். நாம் தத்துவம் பரிமாறினோம். பெரியார் சொன்னதைச் சொன்னோம், மேலைநாட்டு அறிவியலைச் சொன்னோம். ஏழைத்தாயின் கேள்வி ஏளனத்துக்குரியதன்று என்பதை அன்று உணரவில்லை. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பலவகை மனநோய்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை பெறாமலே இருப்பதாகக் கண்டது. கோயில் வாசலில் கூட்டம் இருப்பதற்குக் கடவுள் நம்பிக்கை ஒன்றே காரணம் என்று சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது.

கதைக்கு வருவோம். தோழர்களிடம் பணம் திரட்டினோம். வேன் ஒன்று பிடித்தோம். விடியுமுன் நால்வர் போனோம். அந்த நால்வரில் நாமும் ஒருவர். உறங்காமல் உட்கார்ந்திருந்தவரை இருபுறமும் பிடித்து, கைகளைப் பின்னால் வளைத்துத் துண்டால் கட்டினோம். இருட்டில் முதலில் கோடாங்கியின் ஆட்கள் என்று நினைத்துத் திமிறினார். வேனின் விளக்கொளியில் நம் முகம் பார்த்தார். திமிறல் நின்றது.

"தோழர், நீங்களா?"

அவ்வளவுதான் கேட்டார். 'உங்கள் நன்மைக்குத்தான்' என்றோம். கோடாங்கியும் இதைத்தான் சொல்லியிருப்பான்.

நகரத்தில் ஒரு மருத்துவமனை. அண்ணன் கையெழுத்திட்டார்; கதவு மூடிற்று. அந்நாளில் நடப்பில் இருந்த 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டமே, ஒருவரை அவர் விருப்பமின்றி உறவினர் கொண்டுவந்து சேர்க்க வேண்டுமானால் இரண்டு மருத்துவர்களின் சான்று வேண்டும், அவர்களில் ஒருவர் அரசுப் பணியில் இருப்பவராக இருக்கவேண்டும், 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று விதித்திருந்தது. அப்படி ஒரு சட்டம் இருந்ததே நமக்குத் தெரியாது. சொன்னவரும் இல்லை; கேட்டவரும் இல்லை. நாம் ஊர் திரும்பி, அடுத்த கூட்டத்தில், மூடநம்பிக்கையின் பிடியிலிருந்து ஒரு தோழரை மீட்டோம் என்று அறிவித்தோம். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று.

நாற்பது நாள் கழித்து நண்பர் வந்தார். தலை மழிக்கப்பட்டிருந்தது. கை நடுங்கிற்று, ஊசியில் நூல் கோக்கப் பல மாதம் ஆயிற்று. மயக்க மருந்து கொடாமல் மின்னதிர்வு கொடுத்தார்கள் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தோம். மின்னதிர்வுச் சிகிச்சையே கொடுமை என்று சினிமாவைப் பார்த்துவிட்டுச் சொல்பவர்கள் அல்ல நாம். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்து, தக்க நோய்க்குத் தக்கபடி செய்தால் அது பயன் தரும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. அவருக்கு நடந்தது அதுவன்று. ஆனாலும் மருந்து வேலை செய்தது, அதையும் மறைக்கமாட்டோம். உறக்கம் வந்தது. கிணற்று நீரைக் குடித்தார். மீண்டும் கடை திறந்தார். படிப்பகத்துக்கு மட்டும் வரவில்லை. நோய் அவரைக் கோழையாக்கிவிட்டது என்று நமக்குள் பேசிக்கொண்டோம்.

ஈராண்டு கழிந்தது. 2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை அண்டி முளைத்திருந்த தனியார் மனநோயாளர் விடுதிகளுள் ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். இருபத்தைந்து பேர் எரிந்து மாண்டார்கள். காயமுற்றோரும் பின்னர் இறக்க, எண்ணிக்கை 28 ஆயிற்று. தீயைக் கண்டால் ஆடும் ஓடும், மாடும் அறுத்துக்கொண்டு ஓடும். ஆறறிவு படைத்தவன் ஓட முடியவில்லை. அவனுடைய அறிவைக் காப்பாற்றுவதற்கென்றே போட்ட சங்கிலி அவன் உயிரைப் பிடித்து வைத்தது!

நாடு பதறிற்று. ஒரு வாரத்துக்குள் அத்தகைய விடுதிகள் மூடப்பட்டு 500க்கு மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் வந்தனர். விசாரணை ஆணையம் அமைந்தது. உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, 2002இல் மாநிலந்தோறும் இப்படிப்பட்ட இடங்களைக் கணக்கெடுக்கவும், உரிமமின்றி நடத்தப்படுபவற்றைத் தடுக்கவும், நோயாளிகளைச் சங்கிலியில் கட்டாதிருக்கவும் ஆணையிட்டது. நாமும் சுவரொட்டி ஒட்டினோம். 'பக்தியின் பெயரால் படுகொலை' என்று கொட்டை எழுத்தில் எழுதினோம். அந்தத் தாளை ஒட்டிய கைதான் ஈராண்டுக்கு முன் துண்டை முடிச்சுப் போட்டது என்பது அப்போது நம் நினைவுக்கு வரவேயில்லை.

ஏர்வாடியில் சங்கிலி போட்டது தெய்வமன்று. காசு வாங்கிய விடுதிக்காரர் போட்டார், வீட்டில் வைத்திருக்க வகையற்ற உறவினர் ஒப்புக்கொண்டனர், அரசு பார்க்கவில்லை. பக்தியை மட்டும் கழித்துவிட்டால் சங்கிலி கழன்றுவிடும் என்பது நம் கணக்கு. கணக்கு தப்பு என்பதற்கு அசாமிலிருந்து ஒரு சான்று வந்தது. மச்சல் லாலுங் என்னும் பழங்குடி மனிதர் 1951இல் கைதுசெய்யப்பட்டார். மனநோய் என்று தேஜ்பூர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். நலமடைந்துவிட்டார் என்று 1967இல் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கா அனுப்பினார்கள்? மீண்டும் சிறைக்கு! 2005இல் விடுதலை. ஐம்பத்து நான்கு ஆண்டுகள், வழக்கு விசாரணையே இல்லாமல்! அங்கே கோடாங்கி இல்லை, தாயத்து இல்லை, தலபுராணம் இல்லை. காவல்துறை, மருத்துவமனை, சிறை - எல்லாம் அறிவியலும் சட்டமும் அறிந்த நிலையங்கள். அந்த மனிதரை எவரும் கேட்கவில்லை. கோப்பையும் எவரும் புரட்டவில்லை.

மறுபுறம், நமக்குச் சங்கடம் தரும் செய்தி ஒன்றும் உண்டு. பகுத்தறிவாளன் தனக்குப் பிடிக்காத உண்மையை ஒளிக்கக் கூடாது என்பதால் சொல்கிறோம். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் ஊரில் முத்துசாமி கோயில் ஒன்று. மனநோயாளிகள் வந்து தங்கும் இடம். பெங்களூர் மருத்துவர்களும் பிறரும் அங்கே தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். சராசரி ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. முத்துசாமியின் அருளா? ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை, நாமும் சொல்லமாட்டோம். உறவினர் ஒருவர் உடனிருந்தார், அச்சுறுத்துவார் இல்லை, கோயிலைச் சுற்றிச் சிறுசிறு வேலைகள், ஆதரவான சூழல் - இதைத்தான் காரணமாகக் காட்டினார்கள். சிறிய ஆய்வுதான், மருந்து வேண்டாம் என்று அதிலிருந்து முடிவுகட்டுவோர் மடையர். ஆனால் நாம் நம் நண்பருக்கு மருந்து வாங்கித் தந்தோம். அந்த ஆதரவைத் தந்தோமா?

வெள்ளையன் 1912இல் செய்த சட்டத்துக்கு 'லூனசி' சட்டம் என்று பெயர். லூனா என்றால் இலத்தீனில் நிலவு. நிலவின் ஏறுமுகம் இறங்குமுகத்தால் பித்துப் பிடிக்கிறது என்று நம்பிய காலத்துச் சொல். நம் ஊர்க்கிழவி அமாவாசைக்கு அஞ்சினால் மூடநம்பிக்கை. துரை அஞ்சினால் சட்டம்! பித்தனிடமிருந்து ஊரைக் காப்பதே அச்சட்டத்தின் கவலை. 1987ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவமனையின் உரிமத்தைப் பற்றி நிறையப் பேசிற்று. நோயாளியின் உரிமை என்று அத்தியாயம் அத்தியாயமாகப் பேசியது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள அச்சட்டத்தை இளைஞர்கள் வாங்கிப் படிக்கவேண்டும். கம்பராமாயணத்தில் ஓட்டை தேடும் நேரத்தில் கொஞ்சம் இதற்கும் ஒதுக்கலாம்.

எவர்க்கு மனநோய் என்று முடிவு செய்வதில், அவருடைய அரசியலோ, சாதியோ, மதமோ, தம் சமூகத்தார் போற்றும் ஒழுக்கத்தையும் சமய நம்பிக்கையையும் ஏற்காமையோ காரணமாகக் கூடாது என்கிறது அச்சட்டம். கடவுளை மறுத்தவனைப் பித்தன் என்று பட்டம் கட்டுவது நம் நாட்டில் புதிதன்று. சோவியத் ஒன்றியத்தில் நேர்மாறாக, அரசை மறுத்தவர்களைப் பித்தர் என்றார்கள். உயிரியலறிஞர் ஜோரஸ் மெத்வதேவை 1970இல் பத்தொன்பது நாள் மனநோய் மருத்துவமனையில் அடைத்து வைத்ததை உலகம் கண்டித்தது. நம் மேடைகளும் சுத்தமல்ல. மாற்றாரை ஏச 'கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பவேண்டிய ஆள்' என்று சொல்லாத பேச்சாளர் எத்தனை பேர்? அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் நம் தையற்காரர் நின்றிருக்கலாம் என்று யாராவது எண்ணினோமா?

சட்டம் மேலும் சொல்கிறது. எந்த வகையிலும் சங்கிலி கூடாது. மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் இன்றி மின்னதிர்வு கூடாது. கட்டாயமாகத் தலையை மழிக்கக் கூடாது. சொந்த உடையை உடுத்த விரும்பினால் தடுக்கக் கூடாது. 2019இல் உத்தரப்பிரதேசத்து வழிபாட்டிடம் ஒன்றில் நோயாளிகள் சங்கிலியிலிருந்த செய்தி உச்சநீதிமன்றத்துக்கு வந்தபோது, இது இச்சட்டத்துக்கும் அரசியல் சட்டத்துக்கும் மாறானது என்று நீதிபதிகள் கூறினர். ஏர்வாடி எரிந்து பதினெட்டு ஆண்டு கழிந்தும் சங்கிலி இருந்தது என்பதையும் அச்செய்தியோடு சேர்த்தே படிக்கவேண்டும்.

"எல்லாம் சரி, கேட்டுக்கொண்டு நிற்கும்போது அவன் கிணற்றில் குதித்துவிட்டால்?" என்று தோழர் ஒருவர் நம்மை மடக்கினார். நியாயமான கேள்வி. கட்டாயமே எக்காலத்தும் கூடாது என்று வாதிடுவோர் உலகில் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐக்கிய நாடுகள் குழு அந்தப் பக்கம் நிற்கிறது. நம் நாட்டுச் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. போகாதது சரியென்றே, முழுமன அமைதியோடு அல்லவெனினும், நாமும் எண்ணுகிறோம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் எந்தப் பதிவுபெற்ற மருத்துவரும் 72 மணி நேரம்வரை நெருக்கடிச் சிகிச்சை தரலாம். அந்த நேரத்தில் மின்னதிர்வு கூடாது. தனக்கோ பிறர்க்கோ தீங்கு செய்யும் நிலையில், அல்லது தன்னைப் பேண இயலாமல் தனக்கே ஆபத்தாகும் நிலையில் இருப்பவரை, அவர் உடன்படாவிட்டாலும் சேர்க்கலாம். ஆனால் இருவர் தனித்தனியே அவரைப் பார்த்திருக்க வேண்டும்; ஒருவர் மனநல மருத்துவராக இருத்தல் வேண்டும். 30 நாளுக்கு மேல் கூடாது. ஏழு நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் செய்தி போகவேண்டும். பெண்ணானாலும் சிறாரானாலும் மூன்று நாளுக்குள். தாமே முடிவெடுக்கும் ஆற்றல் அவருக்குத் திரும்பிவிட்டதா என்று ஏழு நாளுக்கொரு முறை பார்க்கவேண்டும். 'என்னைத் தவறாக அடைத்தார்கள்' என்று வாரியத்திடம் முறையிட அவருக்கு உரிமை உண்டு. அதற்குச் சட்ட உதவி இலவசம். மாவட்ட நீதிபதி நிலையிலுள்ளவர் தலைமையில் அமையும் அவ்வாரியத்தில் மருத்துவர்களோடு, நோயுற்றவர் அல்லது அவரைப் பேணுவோர் சார்பிலும் ஆட்கள் இருக்கவேண்டும்.

நமக்கு இதில் பிடித்தது எது தெரியுமா? ஒருவர் எடுக்கும் முடிவு நமக்குத் தவறாகப் படுகிறது என்பதனாலேயே அவருக்கு முடிவெடுக்கும் ஆற்றல் இல்லை என்று கொள்ளக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. பகுத்தறிவு பேசும் ஒவ்வொருவரும் தம் வீட்டுச் சுவரில் எழுதி வைக்கவேண்டிய வரி.

ஏட்டில் இருப்பது நாட்டில் வந்துவிட்டது என்று சொல்லவில்லை. சட்டத்தை எழுதுவது எளிது. மாவட்டந்தோறும் மருத்துவரையும், செவிலியரையும், வாரியத்தையும், அந்தத் தாய் கேட்ட கஞ்சியையும் கொண்டுவந்து சேர்ப்பது அரிது. இன்று சிறுவாச்சூரிலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. 1999இல் இவை நமக்குக் கைகொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் நண்பரின் பக்கத்தில் உட்கார்ந்து, 'உங்களுக்கு என்ன செய்கிறது, எங்கே போகலாம்?' என்று கேட்க எந்தக் கல்லூரியும் தேவைப்பட்டிருக்காது.

2019இல் அதே படிப்பகத்தில் இச்சட்டம் பற்றி விளக்கக் கூட்டம் வைத்தோம். நாமே பேசினோம். ஏர்வாடியை உருக்கமாக விவரித்துக்கொண்டிருந்தபோது கதவோரம் ஓர் உருவம். இருபது ஆண்டு படியேறாத நண்பர், தலை நரைத்திருந்தது. உட்காரச் சொன்னோம்; நின்றே கேட்டார். பேச்சு முடிந்தபின் ஐயம் கேட்கலாம் என்றோம். கை தூக்கினார்.

"எனக்கு ஐயம் இல்லை, தோழர். ஒன்று சொல்லவேண்டும். கோடாங்கி அடித்தபோது 'ஏ பேயே' என்று கூப்பிட்டு அடித்தான். அவன் என்னை அடிப்பதாக நினைக்கவில்லை. நீங்கள் நால்வரும் பேயை நம்பாதவர்கள். என்னைத்தான் கட்டினீர்கள். வேனில் ஏழு மைல் போகும்வரை உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு சொல் கேட்பீர்களா என்று. டிரைவர்தான் 'தண்ணி வேணுமா'ன்னு கேட்டார்."

கூட்டத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. இளைஞர் ஒருவர் நமக்காகப் பரிந்து, "அண்ணே, அப்போது நீங்கள் கேட்கும் நிலையிலா இருந்தீர்கள்?" என்றார். நண்பர் சினக்கவில்லை. "கிணற்றில் நஞ்சு இருந்தது என்று நம்பினேன். அது என் மூளைக்கோளாறு. ஆனால் உறக்கம் வரவில்லை என்பதும், உடம்பு எரிகிறது என்பதும், எனக்கே அச்சமாக இருக்கிறது என்பதும் உண்மைதானே? அதற்கு மருந்து இருக்கிறது, வருகிறீர்களா என்று படித்த நீங்கள் சொல்லியிருந்தால், ஒருவேளை வந்திருப்பேன். வராமலும் இருந்திருக்கலாம். அப்புறம் கட்டியிருக்கலாமே!"

நம்மிடம் மன்னிப்பைத் தவிர வேறு சொல் இல்லை. கூட்டத்தின் நடுவே அதைக் கேட்டோம். அவர் 'சரி, சரி' என்று கையசைத்துவிட்டு, நாம் பேச்சின் நடுவே குறிப்பிட்ட முன்னறிவிப்புத் தாளைப் பற்றிக் கேட்டார். நல்ல நினைவோடு இருக்கும்போதே ஒருவர், பின்னாளில் தமக்கு மனநோய் முற்றினால் எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம், தம் சார்பில் பேச யார் என்று எழுதி வைக்க அச்சட்டம் வழி செய்கிறது. நெருக்கடிச் சிகிச்சைக்கு அது தடையாகாது. அதை மாற்றவேண்டும் என்று மருத்துவரோ உறவினரோ கருதினால் வாரியத்திடம் போய்த்தான் கேட்க முடியும்.

மறுநாள் அவர் கடையில் உட்கார்ந்து எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நாம் எழுதினோம். முன்பு படிப்பகத்தில் அவர் படிக்க நாம் கேட்டது போல. எந்த மருந்து தனக்குச் சரிப்படுகிறது, எது கையை நடுங்கச் செய்கிறது என்பதை மருந்துச் சீட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு சொன்னார். மின்னதிர்வு வேண்டாம் என்றார். தலையை மழிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறதே, எழுதவேண்டுமா என்றோம், "எழுதுங்கள்" என்றார். "எனக்குப் பித்து முற்றி, சொன்னாலும் கேளாமல் இருந்தால் கொண்டுபோங்கள். ஆனால் சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள், பகலில் கொண்டுபோங்கள்" என்றார். அதையும் எழுதினோம்.

சார்பாளர் பெயர் என்று ஓர் இடம் இருந்தது. பேனா அங்கே நின்றது. அண்ணன் பெயரைச் சொல்வார் என்று எண்ணினோம். நம் பெயரைச் சொல்லமாட்டாரா என்ற சிறிய ஆசையும் இருந்தது. தம் தங்கை மகள் பெயரைச் சொன்னார். பெரம்பலூரில் செவிலியர் படிப்புப் படித்துக்கொண்டிருந்த பெண். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன், அவருக்கு மீண்டும் உறக்கம் குறைந்த நாட்களில், ஒவ்வொரு மாலையும் கடைக்கு வந்து, "மாமா, இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனவளாம்.

"சாட்சிக் கையெழுத்து இரண்டு வேண்டும் என்றீர்களே," என்றார் நண்பர், தாளை நம் பக்கம் திருப்பி. "அதில் ஒன்று நீங்கள் போடலாம்."

போட்டோம்.